அற்ற இழையும் கிழிந்த உறையும்

தறி ஓடும் வீட்டில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விதி ஒன்று உண்டு. பாவில் ஓர் இழை அற்றால் அப்பொழுதே தறியை நிறுத்தி அதைப் பிணைத்துவிட வேண்டும் என்பதே அது. “இன்னும் ஒரு முழம் போகட்டும், பிறகு பார்த்துக்கொள்ளலாம்” என்று நாடாவை ஓட்டிக்கொண்டே போனால், அற்ற இழை அக்கம்பக்கத்து இழைகளைப் பற்றிக்கொள்ளும், ஒன்று பத்தாகும், நெய்த துணி பழுதாகும். ஒரு நிமிஷ வேலையை ஒத்திப் போட்டவர் ஒரு நாள் கூலியை இழப்பார். தறியில் நாம் ஒருபோதும் மறவாத இந்த விதியைச் சங்கத்து வண்டியின் விஷயத்தில் மட்டும் அடிக்கடி மறந்துவிடுகிறோம். அண்மையில் நம் காதுக்கு எட்டிய ஒரு செய்தி இதைப் பற்றி எழுதும்படி நம்மைத் தூண்டிற்று.

நமது மாவட்டத்தின் கீழைப் பகுதியில் கீரமங்கலம், வடகாடு, கொத்தமங்கலம் வட்டாரத்தின் மல்லிகையையும் பலாவையும் அறியாதவர் இல்லை. 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் நாள் கஜா புயல் அந்தத் தோப்புகளைச் சாய்த்துச் சென்றதையும் யாரும் மறக்கவில்லை. பாதைகளின் குறுக்கே தென்னைகளும் பலா மரங்களும் கிடந்த அந்நாட்களில், நான்கு சக்கரங்களும் இழுக்கும் வண்டியின் அருமையைப் பலர் உணர்ந்தனர். அவ்வட்டாரத்து விவசாயிகளின் குழு ஒன்றும் பின்னர் அத்தகைய பிக்கப் வண்டி ஒன்றைப் பழையதாக வாங்கிற்று. கண்மாய்க் கரையிலும் காட்டாற்று மணலிலும் இறங்கித் தோட்டத்து வாசலிலேயே பூ மூட்டையை ஏற்றிக்கொள்ளலாம் என்பது எண்ணம். எண்ணம் நல்லதே.

வாங்கிய சில மாதங்களில் யாரோ ஒருவர், “வண்டியை இன்னும் மூன்று அங்குலம் தூக்கிவிட்டால் எந்தப் பள்ளத்திலும் அடி தட்டாது” என்று யோசனை சொன்னார். முன்புறத்து ஸ்பிரிங்குகளின் மேல் இரும்புத் துண்டுகளை வைத்துத் தூக்கினார்கள். பார்வைக்கு வண்டி கம்பீரமாகவே இருந்ததாம். புரட்டாசியில் ஓட்டுநர், முன் வலது சக்கரத்துக்குப் போகும் ஆக்ஸிலின் ரப்பர் உறை கிழிந்து, சக்கரத்தின் உட்புறம் எல்லாம் கறுப்புக் கிரீஸ் தெறித்திருப்பதைக் கண்டு நிர்வாகத்திடம் கூறினார். அடுத்த கூட்டத்தில் பார்க்கலாம் என்றார்கள். ஐப்பசியில் திருப்பத்தில் “டக், டக்” என்று ஒலி கேட்கிறது என்றார். மழைக்காலம் கழியட்டும் என்றார்கள். கார்த்திகையில் விடியற்காலையில் பூ ஏற்றிய வண்டி சேற்றில் நின்றுவிட்டது. அன்றைய பூ சந்தைக்குப் போகவில்லை. ஆக்ஸிலை முழுவதும் மாற்ற நேர்ந்தது. அதன் விலையில் ஒரு பகுதியை ஓட்டுநரின் சம்பளத்தில் பிடிக்க வேண்டும் என்று இப்பொழுது பேச்சு நடக்கிறது.

இது நியாயமன்று என்பதே நமது கருத்து. ஆனால் நியாயத்தைப் பேசுமுன் அந்த இயந்திரத்தின் தன்மையை அறிந்துகொள்வது நல்லது. காரணம் தெரியாத இடத்தில் பழி எப்பொழுதும் எளியவர் தலையிலேயே விழுகிறது.

இயந்திரத்தின் விசையைச் சக்கரத்துக்குக் கொண்டுபோகும் தண்டைத்தான் ஆக்ஸில் என்கிறோம். முன்சக்கரம் இரண்டு வகையில் அசைகிறது: மேடு பள்ளத்துக்கு ஏற்ப மேலும் கீழும் ஏறி இறங்குகிறது, ஸ்டியரிங்கைத் திருப்பும்போது இடமும் வலமும் திரும்புகிறது. இவ்வளவு அசைவுக்கும் நடுவே தண்டு இடைவிடாது சுழல வேண்டும். ஆகவே அதற்கு மூட்டு வேண்டும். 17-ஆம் நூற்றாண்டில் ராபர்ட் ஹூக் என்ற ஆங்கில விஞ்ஞானியின் பெயரோடு இணைந்த சிலுவை மூட்டு ஒன்று உண்டு. லாரியின் நீண்ட தண்டில் நாம் காணும் ‘கிராஸ்’ அதுவே. வளைவு சிறிதாக இருக்கும் வரை அது நன்றாக உழைக்கும். வளைவு மிகுந்தால், ஒரே சுற்றுக்குள் இரண்டு முறை விரைந்தும் இரண்டு முறை தயங்கியும் சுழலும். திருப்பத்தில் ஸ்டியரிங் உதறும். இக்குறையை நீக்கப் பலர் முயன்றனர். 1920களில் அமெரிக்காவில் ஃபோர்டு கம்பெனியில் பொறியாளராக இருந்த ஆல்பிரட் ஷெப்பா, குண்டுகளைக் கொண்ட ஒரு மூட்டை அமைத்தார். எந்தக் கோணத்திலும் ஒரே வேகத்தில் சுழல்வதால் அத்தகைய மூட்டைச் சமவேக மூட்டு என்கின்றனர். பட்டறையில் சி.வி. ஜாயிண்ட் என்பார்கள். 1959-இல் வெளிவந்த மினி காரும், நம் நாட்டில் 1983-இல் வெளிவந்த மாருதி 800-உம் இத்தகைய மூட்டுகளின் பலத்தில்தான் முன்சக்கரங்களால் ஓடின.

ஒரு பக்கத்து ஆக்ஸிலில் இரண்டு மூட்டுகள் உள்ளன. சக்கரத்தின் அருகே உள்ள வெளி மூட்டில், வழக்கமாக ஆறு எஃகுக் குண்டுகள் ஒரு கூட்டில் அமர்ந்து, வழவழப்பாக இழைத்த பள்ளங்களில் ஓடுகின்றன. டிஃபரன்ஷியல் பெட்டியின் அருகே உள்ள உள் மூட்டில், பெரும்பாலும் மூன்று உருளைகள் முன்னும் பின்னும் நகர்ந்து தண்டின் நீளத்தைச் சரிசெய்கின்றன. இரண்டின் மேலும் மடிப்பு மடிப்பான ரப்பர் உறை ஒன்று உண்டு. அதனைப் ‘பூட்’ என்பர். உள்ளே இருக்கும் கிரீஸ் வெளியே போகாமலும், வெளியே இருக்கும் மண் உள்ளே வராமலும் காப்பதுதான் அதன் வேலை. அந்த ரப்பர் கிழியும் நாளில் இரண்டு கேடுகளும் ஒருசேர நேர்கின்றன. சுழற்சியில் கிரீஸ் வெளியே வீசப்படுகிறது. நம்மூர்ச் செம்மண் புழுதியும் மழைச் சேறும் உள்ளே புகுகின்றன. எஃகும் எஃகும் உராயும் இடத்தில் மணல் புகுந்தால் அது சாணைக்கல் ஆகிவிடும்.

நான்கு சக்கர இயக்கத்தைப் போடாமல் சாலையில் ஓட்டினால் முன் ஆக்ஸிலுக்கு வேலை இல்லை என்று சிலர் எண்ணுகின்றனர். பல வண்டிகளில் இது சரியன்று. முன்சக்கரத்தைத் தண்டிலிருந்து பிரித்துவிடும் பூட்டு அமைப்பு இல்லாத வண்டியில், சக்கரம் உருளும்போதெல்லாம் ஆக்ஸிலும் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். கிழிந்த உறையோடு ஆலங்குடிக்குப் போய் வந்தாலும் கிரீஸ் இறைந்துகொண்டுதான் இருக்கும்.

இனி, வண்டியைத் தூக்கியதால் என்ன நேர்ந்தது என்று காண்போம். பழைய ஜீப்பை ஓட்டிப் பழகிய பெரியவர்கள், “நாங்கள் தூக்காத வண்டியா? ஒன்றும் ஆகவில்லையே” என்று கேட்பதுண்டு. அவர்கள் சொல்வது அவர்களுடைய வண்டிக்கு உண்மை. பழைய ஜீப்பின் முன்புறத்தில் இரண்டு சக்கரங்களையும் இணைக்கும் ஒரே இரும்புக் குழாய் இருந்தது. டிஃபரன்ஷியல் அந்தக் குழாயிலேயே அமைந்திருந்தது. பட்டை ஸ்பிரிங்கின் மேல் வண்டியைத் தூக்கினால் உடல் மட்டுமே உயர்ந்தது. டிஃபரன்ஷியலும் சக்கரமும் முன்போல் ஒரே மட்டத்தில் நின்றன. குழாய்க்குள் ஓடும் தண்டுக்கு வளைவு கூடவில்லை. 2010-இல் வந்த மகிந்திரா தார், 2016-இல் ஆந்திரத்து ஸ்ரீசிட்டி ஆலையிலிருந்து வரத் தொடங்கிய இசுசூ வி-கிராஸ் ஆகியவற்றின் முன்புறம் அவ்வாறு அமைந்ததன்று. இவற்றில் ஒவ்வொரு முன்சக்கரமும் தனித்தனியே ஏறி இறங்கும். டிஃபரன்ஷியல் சேஸிஸோடு பிணைந்திருக்கும். இத்தகைய வண்டியின் சேஸிஸை உயர்த்தினால் டிஃபரன்ஷியலும் கூடவே உயரும். சக்கரம் தரையிலேயே நிற்கும். நடுவே உள்ள ஆக்ஸில் கூரைச் சரிவைப் போலச் சாய்ந்துவிடும்.

சாய்வு எவ்வளவு என்பதை ஒரு சிறு கணக்கால் அறியலாம். இரண்டு மூட்டுகளுக்கும் இடையே 40 சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 5 சென்டிமீட்டர் உயர்த்தினால் சாய்வு ஏறத்தாழ 7 பாகை கூடும். 10 சென்டிமீட்டர் உயர்த்தினால் 14 பாகை கூடும். கேட்பதற்கு இது சிறிதாகத் தோன்றும். ஆனால் சாய்ந்த மூட்டில் ஒவ்வொரு குண்டும் ஒவ்வொரு சுற்றிலும் தன் பள்ளத்தில் முன்னும் பின்னும் அதிக தூரம் ஓட வேண்டியிருக்கிறது. சூடு கூடுகிறது. உறையின் மடிப்புகள் ஒரு பக்கம் நசுங்கி ஒன்றோடொன்று தேய்கின்றன. மறு பக்கம் இழுபட்டு விரிகின்றன. நாள் முழுவதும் இவ்வாறு மடங்கி விரியும் ரப்பர் அதன் காலத்துக்கு முன்பே கிழிவதில் வியப்பில்லை. இதன்மேல் ஸ்டியரிங்கையும் முழுவதும் திருப்பினால் மூட்டு தன் எல்லைக் கோணத்தை நெருங்குகிறது. அந்நிலையில் சேற்றில் சிக்கிய சக்கரத்துக்கு வேகம் கொடுத்தால் குண்டுகளின் கூடு உடைவது இயல்பே. ஆகவே அந்த ஆக்ஸிலைக் கெடுத்தவர் ஓட்டுநர் அல்லர். மூன்று அங்குலம் உயர்த்தலாம் என்று தலையாட்டிய தீர்மானமே அதைப் பாதி கெடுத்தது. கிழிந்த உறையை இரண்டு மாதம் கவனியாதது மீதியைக் கெடுத்தது.

இதில் சட்டத்தின் பக்கமும் ஒன்று உண்டு. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு, பதிவுச் சான்றில் உள்ள விவரங்கள் தயாரிப்பாளர் குறித்தவற்றினின்று வேறுபடும் வகையில் வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. கேரளத்திலிருந்து வந்த வழக்கு ஒன்றில் உச்ச நீதிமன்றம் 2019 ஜனவரியில் இதனை வலியுறுத்தியது. அதே ஆண்டு செய்த திருத்தம், அனுமதியில்லாத மாற்றத்துக்கு உரிமையாளருக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும் விதிக்க இடந்தருகிறது. தனி மனிதர் விளையாட்டாகச் செய்வது வேறு. பலருடைய பங்குப் பணத்தில் வாங்கிய வண்டியை இத்தகைய ஐயத்துக்கு உள்ளாக்குவது வேறு. விபத்து நேர்ந்தால் காப்பீட்டுக் கம்பெனி முதலில் கேட்பதும் இதைப் பற்றியே இருக்கும். பொதுச் சொத்தைக் காப்பவர்கள் இதனை மனத்தில் கொள்ள வேண்டும்.

ஆகவே முதல் யோசனை, தூக்கிய வண்டியை மீண்டும் பழைய உயரத்துக்கு இறக்கிவிடுவது. டிஃபரன்ஷியலையும் சற்றுக் கீழே இறக்கி வைக்கும் துண்டுகள் கிடைக்கின்றனவே என்று சிலர் கூறுவர். அவை சாய்வைக் குறைக்கும் என்பது மெய். ஆனால் ஒரு மாற்றத்தைச் சரிக்கட்ட இன்னொரு மாற்றம் என்று போனால் அதற்கு முடிவில்லை. கண்மாய்க் கரைக்கும் வரப்புப் பாதைக்கும் தயாரிப்பாளர் கொடுத்த உயரமே பெரும்பாலும் போதும். நல்ல டயரும், சரியான காற்றும், நிதானமான ஓட்டுநரும் மூன்று அங்குல இரும்பைவிட அதிகம் உதவுவார்கள்.

அடுத்தது, பழுது பார்ப்பதா, புதிது மாற்றுவதா என்ற கேள்வி. இதற்கு ஒரே விடை இல்லை. நிலைமையைப் பொறுத்து மூன்று விடைகள் உண்டு. உறை கிழிந்த உடனே கண்டுகொண்டால், மூட்டில் ஒலியும் ஆட்டமும் இல்லையானால், ஆக்ஸிலைக் கழற்றி மூட்டைப் பிரித்து, பழைய கிரீஸை முழுவதும் கழுவித் துடைத்துப் பார்க்க வேண்டும். குண்டுகளிலும் பள்ளங்களிலும் குழியோ செதிலோ காணாவிட்டால் புதிய உறை, புதிய கிளாம்ப், புதிய பூட்டு வளையம், தயாரிப்பாளர் குறித்த கிரீஸ் ஆகியவற்றோடு மூடிவிடலாம். வெளி மூட்டுக்கு வழக்கமாக மாலிப்டினம் டைசல்ஃபைடு கலந்த கறுப்புக் கிரீஸ் தேவை. உள் மூட்டுக்கு வேறு வகை குறித்திருக்கக்கூடும். சக்கரத்துப் பேரிங்குக்கு வைத்திருக்கும் சாதாரணக் கிரீஸை அள்ளி அடைப்பது சிக்கனம் ஆகாது. இதற்கு ஆவது சிறு செலவே. இதுதான் அற்ற இழையை அப்பொழுதே பிணைப்பது.

திருப்பத்தில், வேகம் கொடுக்கும்போது “டக், டக்” என்று ஒலி வந்தால் வெளி மூட்டு தேய்ந்துவிட்டது என்று பொருள். பின்னர் புதுக் கிரீஸும் புது உறையும் அதைக் குணப்படுத்தமாட்டா. பள்ளத்தில் விழுந்த குழி கிரீஸால் நிரம்பாது. நேர்ச் சாலையில் வேகம் கூட்டும்போது வண்டியின் முன்புறம் அதிர்ந்தால் உள் மூட்டைச் சந்தேகிக்க வேண்டும். தண்டு நேராகவும் மற்ற மூட்டு நன்றாகவும் இருந்து, தேய்ந்த மூட்டு தனியாகக் கிடைக்குமானால் அதை மட்டும் மாற்றுவது உத்தமம். இரண்டு மூட்டுகளும் போயிருந்தால், அல்லது தண்டின் பற்கள் தேய்ந்திருந்தால், முழு ஆக்ஸிலையும் மாற்றுவதே முறை. அப்பொழுதும் பெயர் தெரியாத மலிவுச் சரக்கைவிடத் தயாரிப்பாளரின் பழைய ஆக்ஸில் ஒன்று நல்ல நிலையில் கிடைத்தால் அது மேல். ஆனால் ஒன்று நினைவிருக்க வேண்டும். சாய்வை மாற்றாமல் ஆக்ஸிலை மட்டும் மாற்றினால், பழைய நோய் புதிய உடலுக்கும் வரும்.

வேலை செய்யும்போது கவனிக்க வேண்டியவை சில. ஜாக்கியை மட்டும் நம்பி வண்டியின் அடியில் படுக்கக் கூடாது. உறுதியான தாங்கிகளை வைத்தே படுக்க வேண்டும். சக்கர நடுவில் உள்ள பெரிய நட்டைக் குறித்த இறுக்கத்தில் முடுக்க வேண்டும். மறையின் மேல் நேராகச் சுத்தியலால் அடிக்கக் கூடாது. தண்டைப் பிடித்து இழுத்தால் உள் மூட்டு உள்ளேயே பிரிந்துவிடும்; ஆகவே மூட்டின் கூட்டை நெம்பியே எடுக்க வேண்டும். ஆக்ஸிலை உருவும்போது டிஃபரன்ஷியல் எண்ணெய் வழியக்கூடும். எண்ணெய்த் தடையைப் பார்த்து, குறைந்ததை நிரப்ப வேண்டும். வழியில் ஆக்ஸில் உடைந்தால் அதைக் கழற்றி எறிந்துவிட்டு ஓட்டிவரலாம் என்ற எண்ணமும் ஆபத்தானது. பல வண்டிகளில் சக்கரத்துப் பேரிங்கைக் கட்டி வைத்திருப்பது வெளி மூட்டின் தண்டும் அதன் நட்டுமே.

இவ்வளவும் இயந்திரத்தைப் பற்றியது. நாம் முக்கியமாகச் சொல்ல வந்தது நிர்வாகத்தைப் பற்றி. அந்த ஓட்டுநர் முதலில் சொன்ன நாளில் செலவைத் தடுத்தது எது? பணமின்மை அன்று. வண்டி நின்றுபோனால் பழுது பார்க்கச் செலவுத் தலைப்பு இருந்தது. நின்றுபோகாமல் காக்கத் தலைப்பு இல்லை. சிறிய தொகைக்குக் கூட்டத்தின் அனுமதி வேண்டும் என்றார்கள். பெரிய தொகை வந்தபோது அனுமதி கேட்க நேரமில்லாமல் கொடுத்தார்கள். இது ஒரு குழுவின் குற்றம் மட்டும் அன்று. நம்மிற் பல சங்கங்களின் வழக்கமும் இதுவே. தணிக்கையில் கேள்வி வருமே என்று பத்து ரூபாய்க்கு அஞ்சி நூறு ரூபாயை இழக்கிறோம்.

ஆகவே வண்டி வைத்துள்ள ஒவ்வொரு சங்கமும் மூன்று காரியங்களைச் செய்ய வேண்டுகிறோம். முதலாவது, வண்டியில் ஒரு குறிப்பேடு வைத்தல்; ஓட்டுநர் கண்ட குறையை நாளிட்டு எழுதவும், நிர்வாகி பார்த்ததற்குக் கையொப்பமிடவும் வேண்டும். எழுதிய குறைக்கு நடவடிக்கை இல்லையானால் அதன் பின்விளைவு ஓட்டுநரைச் சேராது என்று தீர்மானமும் இயற்ற வேண்டும். இரண்டாவது, உறை, கிரீஸ், கிளாம்ப் முதலிய சிறு சாமான்களுக்குக் கூட்டத்துக்குக் காத்திராமல் செலவிட ஓர் எல்லைத் தொகையைச் செயலருக்கு அளித்தல். மூன்றாவது, மாதம் ஒரு நாள் வண்டியின் அடியில் குனிந்து பார்த்தல். அமாவாசையன்று தறிக்கு ஓய்வு கொடுத்து அச்சையும் விழுதையும் சீர்படுத்தும் வழக்கம் பல நெசவாளர் ஊர்களில் உண்டு. அந்த ஒரு நாளை வண்டிக்கும் கொடுத்தால் என்ன? நான்கு உறைகளையும் கையால் தடவிப் பார்க்கக் கால் மணி நேரம் போதும். கையில் கிரீஸ் ஒட்டினால் அன்றே பட்டறைக்குப் போக வேண்டும்.

சொந்தத்தில் முன்சக்கர இயக்கமுள்ள கார் வைத்திருக்கும் அங்கத்தினர்களுக்கும் இது பொருந்தும். குட்டி யானை என்று நாம் அழைக்கும் பழைய டாட்டா ஏஸ் போன்ற பின்சக்கர இயக்க வண்டிகளில் இந்த மூட்டு இல்லை. ஆனால் அவற்றிலும் பார்த்துக் காக்க வேண்டிய கிராஸும் கிரீஸும் உண்டு.

அந்த ஓட்டுநரின் சம்பளத்தில் கை வைக்கும் எண்ணத்தை அக்குழுவினர் கைவிடுவார்கள் என்று நம்புகிறோம். அவர் மூன்று மாதங்களில் இரண்டு முறை எச்சரித்தார். ஒரு முறையும் அவர் சொல் பொய்யாகவில்லை. அவரை அழைத்து, அடுத்த முறை குறை கண்டால் யாரிடம் எப்படிச் சொல்வது என்று கேட்டு, அவர் சொல்லும் யோசனையைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதிக்கொள்வதே கூட்டுறவுக்கு அழகு. கூட்டுறவு என்பது லாபத்தைப் பங்கிட்டுக்கொள்வது மட்டும் அன்று. தவறையும் பங்கிட்டுக்கொள்வதுதான். இழை அற்றதைக் கண்டு சொன்னவனை யாரும் தறியிலிருந்து எழுப்பிவிடுவதில்லை.